மனைவிக்குக் கட்டிய பின் சக்கரம்

என் விரல்கள் சும்மா இருக்காது. மிருதங்கம் வாசிக்கிறவன். அது கையில் இல்லாத நேரத்தில் மேசை, ஸ்கூட்டர் சீட்டு, சாப்பாட்டுத் தட்டு என்று எதையாவது தட்டிக்கொண்டே இருப்பேன். என் மனைவிக்கு அது பழகிவிட்டது. அவளுடைய பழக்கம்தான் எனக்குப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்முடி மலைக்குப் போய், அங்கிருந்து அடிவாரத்துக் கல்லாறு வரை கல்லும் வேருமான பாதையில் உருண்டு வருவாள். உருண்டு என்பது என் வயிற்றெரிச்சல். ஓட்டித்தான் வருவாள். ஒரு தடவைதான் உண்மையாகவே உருண்டாள்.

அன்று இறக்கத்தில் பின் சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தோள்கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம், இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்றேன்.

"கை சரியாகட்டும். போவேனாக்கும்," என்றாள்.

அவளோடு வாதாடி நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சக்கரத்தின் கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன். ஒன்று கிண்ணென்றது, பக்கத்தில் இருந்தது தொளதொளவென்றிருந்தது. இறுகியிருந்தவற்றில் சில எல்லாப் பாரத்தையும் சுமந்து அறுந்திருந்தன. எனக்கு ஆத்திரம் பொங்கியது. மிருதங்கத்தின் வலந்தலையில் சுற்றிலும் எங்கே தட்டினாலும் ஒரே சுருதி கேட்காவிட்டால் நான் மேடையில் உட்கார மாட்டேன். என் வீட்டுக்காரி இந்த லட்சணத்தின் மேல் மலையிறங்கியிருக்கிறாள்! யாரோ ஒருவருக்கென்று மெஷின் பின்னித் தள்ளிய சக்கரம் இனி இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தேன். அவளுடைய எடைக்கும், கல்லைக் கண்டால் சுற்றிப் போகாமல் தாண்டிக் குதிக்கிற அவள் புத்திக்கும் தக்கபடி ரிம், ஹப், கம்பி எல்லாம் பார்த்துப் பார்த்து வரவழைத்தேன். வீடியோ பார்த்துப் பின்னவும் கற்றுக்கொண்டேன்.

கரமனையில் எங்கள் வீட்டு ஹாலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கம்பியைத் தட்டுவேன், கம்பி முறுக்கும் சாவியால் கால் திருகு திருகுவேன், மறுபடி தட்டுவேன். பொறுமை இல்லாமல் எழுந்து நடப்பேன். திரும்பி வந்து உட்காருவேன். கடைசியில் அத்தனை கம்பியும் ஒரே சுருதியில் பேசின. கோட்டமே இல்லை. ஆனால் ரிம் நடுவில் நிற்காமல், டயர் இடப்பக்கச் சட்டத்தை உரசியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தோள் வலிக்கும் என்பதையும் பொருட்படுத்தவில்லை.

"ஏன்னா, மிருதங்கத்துக்கு வலதும் இடதும் ஒரே சுருதியாவா இருக்கும்? பின் சக்கரத்துல கியர் இருக்கற பக்கம் கம்பி செங்குத்தா நிக்கறது. அது ஜாஸ்தி இறுகணும். நீங்கோ ரெண்டையும் ஒண்ணாக்கி வெச்சிருக்கேள்."

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். கியர் இருக்கும் வலப்பக்கம் முழுக்க ஒரு சுருதி, இடப்பக்கம் முழுக்க அதைவிடத் தாழ்ந்த ஒன்று. ஜோடி ஜோடியாகக் கம்பிகளைக் கையால் நெரித்தபோது டிங் டிங்கென்று முறுக்கு விட்டன. திரும்பவும் சுருதி சேர்த்தேன். ஒவ்வொரு கம்பியையும் எனக்குத் தெரியும் என்ற நிலை வந்த பிறகுதான் சாவியைக் கீழே வைத்தேன்.

தோள் குணமானதும் அவள் அந்தச் சக்கரத்தோடு பொன்முடிக்குப் போனாள். நான் கல்லாற்றில் டீக்கடை பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். சொல்லிவிடுகிறேன், பயந்து செத்தேன். மெஷின் சக்கரம் உடைந்தால் கம்பெனியைத் திட்டலாம். இது உடைந்தால் யாரைத் திட்டுவது? கடைக்காரர் கொடுத்த டீ ஆடை கட்டிப்போனது. டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தேனே தவிர குடிக்கவில்லை.

வளைவில் அவள் தெரிந்தாள். முகமெல்லாம் சேறு. இறங்கும்போதே பேச்சு. "மேல பயங்கர மஞ்சு, கண்ணே தெரியல, கேட்டேளா? அதுக்குள்ள கொம்பும் திமிலுமா ஒரு காட்டுப்போத்து நிக்கறது! எனக்கு அகோரப் பசி, ரெண்டு பழம்பொரி சொல்லுங்கோ."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன், "பின் சக்கரம்?"

அவள் திரும்பி, அப்போதுதான் அப்படியொன்று இருப்பது ஞாபகம் வந்தவள்போல அதைப் பார்த்தாள்.

"அடடா, அத நான் நெனைக்கவே இல்லையே!"

மேடையில் எவ்வளவோ கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். எதுவும் இதற்கு ஈடில்லை. நான்கு பழம்பொரி சொன்னேன்.