சுபாஸ்ரீ கட்டிய தவணை

எம்.எஸ்ஸி. ஊட்டச்சத்து படிக்கப்போகிறேன் என்று சுபாஸ்ரீ அறிவித்ததும், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று கணக்குப் பாடத்தில் ஆர்வம் வந்துவிட்டது. ஊரே கம்ப்யூட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்த 2002 அது. தெருவெல்லாம் கம்ப்யூட்டர் சென்டராக இருந்த அமீர்பேட்டில் மூன்று மாத கோர்ஸ் முடித்தவனெல்லாம் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டுகிறான். இந்தப் பெண் என்னடாவென்றால், ஒன்றரை லட்சம் கடன் வாங்கி இட்லியில் என்ன சத்து இருக்கிறது என்று படிக்கப்போகிறாளாம்!

"இதுல வர்ற சம்பளம் வட்டிக்கே காணாது" என்றார் பெரியப்பா. அவர் மகள் சாஃப்ட்வேரில் முதல் மாதமே பதினெட்டாயிரம் வாங்கியவள். அந்தப் பதினெட்டாயிரத்தைச் சொல்லாமல் அவர் காப்பிகூடக் குடிப்பதில்லை.

அப்பா சீதாராமன் ரயில்வேயில் கிளார்க். மௌலா அலி குவார்ட்டர்ஸில் வாசம். கைமாற்றாக நூறு ரூபாய் வாங்கினால்கூடத் தூக்கம் வராத மனிதர். மகளின் பிடிவாதத்துக்காக வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார், போட்ட கையோடு வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தார்.

பெரியப்பா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. படிப்பு முடிந்து பேகம்பேட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தபோது சம்பளம் ஏழாயிரம். அதில் மூவாயிரத்துச் சொச்சத்தை மாதாமாதம் வங்கி எடுத்துக்கொண்டது. இது சுபாஸ்ரீக்கு முன்பே தெரியும். சேருவதற்கு முன்னால் சீனியர்களிடம் சம்பளம் விசாரித்து, கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் குதித்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான். 'இனிமே சோறே கூடாதாம்மா?' என்று அழாத குறையாகக் கேட்கும் சர்க்கரைக்காரரிடம், கூடும், இவ்வளவு கூடும் என்று கிண்ணத்தை வைத்துக் காட்டும்போது அவர் முகம் தெளியுமே, அதற்காக அவள் இரண்டு பஸ் மாறிப் போனாள்.

2006-இல் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பாலச்சந்திரன், கோயம்புத்தூர்ப் பக்கம், சாஃப்ட்வேர். ஏ.எஸ்.ராவ் நகரில் அப்போதுதான் ஃப்ளாட் வாங்கியிருந்தான். "கடன் பேச்சை மட்டும் எடுக்காதேம்மா" என்று காலையிலிருந்து அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் தரகர் மூலம் எல்லாம் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வேதவல்லி நல்ல மாதிரிதான். கேசரியை ருசித்துச் சாப்பிட்டார், தட்டைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, பொண்ணு பேருல படிப்புக் கடன் இருக்குதாமே? அதுக்கெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே நாங்க மொத்தமா அடைச்சுப் போடறோம். அப்புறம் கண்ணு வேலைக்குப் போக வேண்டியதில்லீங்க. அந்தச் சம்பளம் பஸ்ஸுக்கும் கடனுக்குமே செரியாப் போகுது. எதுக்குப் புள்ளை அலையோணும்?"

சீதாராமனின் தோள் அப்படியே தளர்ந்து இறங்கியது. நாலு வருஷமாக அவர் இப்படி மூச்சுவிட்டு சுபாஸ்ரீ பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. அப்பா இன்னும் ஒரு நொடியில் சரி என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் நாளைக்கு அந்த வார்டு இல்லை, கிண்ணம் இல்லை.

அவள் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள். "உங்க ஃப்ளாட்டுக்கு லோன் இருக்கா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இருக்கு. இருபது லட்சம். இருபது வருஷம்" என்றான், பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல.

"அதை எங்க அப்பா மொத்தமா அடைச்சுட்டா, நீங்க வேலையை விட்டுடுவீங்களா?"

பாலச்சந்திரன் அம்மாவைப் பார்த்தான். வேதவல்லியின் முகம் சிவந்தது.

"ஆம்பளை வேலையும் இதுவும் ஒண்ணாகுமா கண்ணு?"

"எனக்கு ஒண்ணுதான் ஆன்ட்டி. நான் வாங்கின கடன், நானே கட்டிடறேன். வேலையை விட மாட்டேன்."

வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அன்று முழுக்க அப்பா அவளோடு பேசவில்லை. அம்மா சாந்தா சமையலறையில் பாத்திரங்களைப் போட்ட போட்டில் கோபம் தெரிந்தது. கைக்கு வந்த வரனை வாயால் கெடுத்துக்கொண்டவள் என்று பெரியப்பா போனிலேயே தீர்ப்புச் சொன்னார். சுபாஸ்ரீ அழவில்லை. ஆனால் கேட்டது தப்போ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தப்பு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை தரகர் போன் செய்தார். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பையனின் அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, வேலையை விடச் சம்மதித்தால் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாமாம். அப்பா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அதை அப்படியே சொன்னார். சுபாஸ்ரீ செருப்பை மாட்டியபடி வாசலில் நின்றாள். இல்லை என்று தலையாட்டினாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு ரிசீவரிலிருந்து கையை எடுத்தார்.

"மன்னிப்பா? நக்கோ சார், வேண்டவே வேண்டாம். எம் பொண்ணு ஒரு கேள்விதானே கேட்டா? அதுக்கு அந்தப் பையன் இன்னும் பதில் சொல்லலையே. முதல்ல பதில் சொல்லச் சொல்லுங்க."