பஸ் ஸ்டாப்பில் கைமாறிய கேம்

சினிமாப் பைத்தியம் பிடித்த யாராவது புதிதாக வீடியோ கேம் விளையாட ஆசைப்பட்டால், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னிடம் கேட்பார்கள். கம்பெனியில் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. நான் முதலில் கேட்பது, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்பதைத்தான். கேம் கேட்டால் இவன் ரேஷன் கார்டு கேட்கிறானே என்று விழிப்பார்கள். என் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வந்த வேகத்தில் எனக்குப் பிடித்துப்போனவை இந்த ஊர்க் குளிரும் தியேட்டர்களும். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழிப் படங்களும் ஊருக்குள்ளேயே ஓடும். எனக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நல்ல படத்துக்கு வசனமே தேவையில்லை என்று பீற்றிக்கொள்வேன். கேமரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதுதான் என் கவலை. இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க ஆள் கிடைத்துவிட்டால் லேசில் விடமாட்டேன்.

கல்யாணம் ஆனதும் அப்படி ஓர் ஆள் நிரந்தரமாகவே கிடைத்துவிட்டாள். மனைவிக்குச் சொந்த ஊர் ஓசூர்ப் பக்கத்திலுள்ள பேரிகை. விவசாயக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வெளியில் தமிழ், அவசரத்துக்குக் கன்னடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் மேட்னி ஷோவுக்குப் போய்விடுவோம். மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது. பக்கத்துச் சீட்டில் அவள் இருக்கிறாள், எதிரே படம் ஓடுகிறது, இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மின்னணுச் சாமான்கள் செய்யும் கம்பெனியில் டிரெயினி. எப்போதும் காலை ஷிப்ட், ஞாயிறு விடுமுறை. அதே சமயம் எங்கள் கம்பெனிக்கு ஏதோ ஏற்றுமதி ஆர்டர் வந்து, என்னை இரண்டாவது ஷிப்டில் நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரே பானைச் சோற்றை வெவ்வேறு நேரத்தில் தின்றுகொண்டிருந்தோம்.

மதியம் மட்டும் ஒரு சின்னச் சந்திப்பு உண்டு. பாகலூர் சாலையில் அவளுடைய கம்பெனி பஸ் அவளை இறக்கிவிட்டுப் போகும். அங்கேயே என்னை ஏற்றிக்கொள்ள என் கம்பெனி பஸ் வரும். நடுவில் கால் மணி நேரம் கிடைக்கும். "சாப்டீங்களா?" "சாப்ட்டேன். ரசம் மிச்சம் இருக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒருநாள் அங்கே நின்றபடியே சொன்னாள். "பொங்கலுக்கு அப்புறம் பர்மனென்ட் பண்றாங்களாம். இருக்கறியா இல்லியான்னு அதுக்குள்ள சொல்லணுமாம். வேணாம்னுட்டு வீட்லயே இருந்துடட்டுங்களா? இப்பிடியே போனா நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல வாடகைக்கு இருக்கறவங்க மாதிரி ஆயிடுவோம்."

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நீல ஓவர்கோட்டைத் துவைத்துத் தேய்க்கும்போது பட்டுப்புடவையைத் தொடுவதுபோலத் தொடுவாள். ஆனால் அவள் சொன்னதும் உண்மைதான். எனக்கே பயமாக இருந்தது. "உன் இஷ்டம்" என்றேன். பயத்தில் வாயில் வருகிற பதில் அது.

இந்த நேரத்தில்தான், மெஷின்களுக்கு அச்சும் கருவியும் செய்து தரும் எங்கள் டூல்ரூம் ஆள் ஒருவன் என்னைப் பிடித்தான். கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரன், வீட்டில் கன்னடம், பேச்சுக்குப் பேச்சு எல்லோரையும் குரு என்பான். கம்ப்யூட்டரும் கேமும்தான் அவனுக்கு உயிர். பெங்களூரில் பழைய பாகங்களாக வாங்கி வந்து, எனக்கும் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தான். தியேட்டர் போக வழியில்லாமல் நான் புலம்புவதைக் கேட்டு அவனுக்கு இரக்கம்.

"எந்த மாதிரிப் படம் புடிக்கும் சொல்லுங்க குரு. அதுக்குத் தக்கன கேம் தரேன்" என்றான், கல்யாணத் தரகர் மாதிரி.

ரொம்ப யோசித்து, "நல்ல படம்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு மூன்று சிடிக்கள் கொடுத்தான்.

முதலாவது கார் ரேஸ். கார்களுக்குப் பாகம் செய்து முடித்து வீட்டுக்கு வந்தும் காரா? மூடி வைத்தேன். இரண்டாவது துப்பாக்கிச் சண்டை. திரை சுற்றிய சுற்றில் எனக்குத் தலை சுற்றி, வாந்தி எடுத்து, அன்றைக்கு லீவு போடும்படி ஆகிவிட்டது. "மூணாவது உங்களுக்குன்னே செஞ்சது குரு. சுடறது வெட்டறது எதுவும் கெடையாது. ஊரைச் சுத்திப் பாக்கறது, ஆளுங்ககிட்ட பேசறது, அவ்ளோதான். நாம பேசறதப் பொறுத்துக் கதை மாறும்" என்றான்.

அதைப் போட்டுப் பார்த்தது தீபாவளி விடுமுறையில். இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்த அபூர்வமான நாள். கதை இதுதான்: காணாமல் போன தம்பியைத் தேடி, பனி கொட்டும் ஒரு மலையூருக்கு ஒருவன் ரயிலில் வருகிறான். இறங்குகிறான். ரயில் போய்விடுகிறது. ஆளில்லாத பிளாட்பாரத்தில் தன்னந்தனியாக நிற்கிறான். நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு மனிதனின் தனிமையைக் காட்ட இத்தனை நீளமான ஷாட் வைப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும்! கையைக் கட்டிக்கொண்டு, கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தவள் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, அந்த ஆளு எவ்ளோ நேரமா நிக்கறாரு?"

"ஸ்ஸ். ஷாட்டைப் பாரு."

"ஷாட்டா? நீங்க எதனா அமுத்துவீங்கன்னு நிக்கறாருங்க அவரு."

எண்ணெய்க் கையின் சுண்டுவிரலால் ஒரு பட்டனை அமுக்கினாள். கதாநாயகன் நடந்தான். அவளும் நானும் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த அதிரசம் கருகியது. இதை நான் வெகுளியாக டூல்ரூமில் போய்ச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து பிரேக் நேரத்தில் யார் பார்த்தாலும், "என்ன சார், பிளாட்பாரத்துல இன்னும் நிக்கறாரா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

லீவு முடிந்ததும் மறுபடி ஆளுக்கொரு திசை. கேமை விட மனசில்லை. காலையில் நான் விளையாடுவது, மாலையில் அவள் விளையாடுவது என்று முடிவு செய்தோம். எங்கள் இருவருக்கும் தெரிந்த வழக்கம்தானே. ஷிப்ட் முடிந்து போகிறவன், வருகிறவனிடம் மெஷினின் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். முந்தின மாலை அவள் ஆடியதும் அன்று காலை நான் ஆடியதும் பஸ் ஸ்டாப்பில்தான் கைமாறின.

"பாலத்துப் பக்கம் போவாதீங்க, நாயி இருக்குது. டீக்கடக்காரம்மாகிட்ட பேசிட்டன். அவங்க பொய் சொல்றாங்க."

"எதை வச்சுச் சொல்ற?"

"தம்பியப் பத்திக் கேட்டா மூஞ்சப் பாக்காம அடுப்பப் பாத்துக்கிட்டுப் பேசறாங்க. எங்க அத்த இப்பிடித்தான் பேசுவாங்க."

அந்தக் கடைக்கு நானும் போயிருந்தேன். அங்கே விழும் மஞ்சள் வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ரசித்துவிட்டு வந்தேனே தவிர, அந்த அம்மாள் எங்கே பார்க்கிறாள் என்று கவனிக்கவில்லை. போகப் போக எனக்கே வழக்கமாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியதும், "நீ என்ன நினைக்கிற?" என்பதுதான் என் முதல் கேள்வி. ஸ்டேஷன் மாஸ்டரை நம்பலாமா, பாதிரியாரிடம் உண்மையைச் சொல்லலாமா என்று நாங்கள் மும்முரமாகப் பேசுவதைக் கேட்டு, என் பஸ்ஸில் வருகிற ஒருவர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி கெடச்சிட்டாரா சார்? போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா?" என்றார். பாவம், நிஜமாகவே கவலைப்பட்டிருக்கிறார்.

எங்களுக்குள் சண்டையும் வரும். நான் சினிமாக்காரன், பரபரப்பான இடமாகப் பார்த்து இடைவேளை விடுவதுபோல நிறுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். "மெஷின்ல ஜாப்பப் பாதியில வுட்டுட்டுப் போவீங்களா நீங்க?" என்று திட்டுவாள். அவள் ஒப்படைத்தால் கதாநாயகன் வயிறார ரொட்டி தின்று, விளக்கில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, கணப்பின் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருப்பான்.

மார்கழிக் காலை ஒன்றில் மலையுச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவுக்குப் பின்னால் தம்பியின் குரல். அண்ணன்தான் என்று எப்படி நம்புவது, சின்ன வயதில் நாம் ஊதிய மர விசிலை ஊது, கேட்டால் திறக்கிறேன் என்கிறான். அந்த விசில் கதையின் ஆரம்பத்திலேயே கிடைத்திருந்தது. பையைத் திறந்தேன். ரொட்டி, விளக்கு, கயிறு எல்லாம் வரிசையாக, அழகாக இருந்தன. விசில் மட்டும் இல்லை. சரி, பழைய இடத்திலிருந்து திரும்ப ஆடலாம் என்று பார்த்தால், நாங்கள் அவ்வப்போது சேமித்து வைத்திருந்தவை ஒன்றும் இல்லை. கடைசியாகச் சேமித்தது மட்டும் இருந்தது.

க்ளைமாக்ஸில் கரண்ட் போன தியேட்டரில் ஜனம் எப்படிக் கத்துமோ, அந்தக் கோபத்தோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவள் இறங்கினாள். "அந்த மர விசில் எங்க?"

யோசித்தாள். முகம் மாறியது. "அது ஆத்துல போட்டுட்டன். ரொம்ப நாளா எடுக்கவே இல்ல. சும்மா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

"பழசெல்லாம் சேவ் பண்ணி வச்சிருந்தோமே?"

"அதயும் அழிச்சிட்டன். ஒரே மாதிரி அத்தினி எதுக்கு? கம்பெனியில போன வாரம் ஃபைவ் எஸ் ஆடிட்டுங்க. அதே கையோட இதயும்…"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஃபைவ் எஸ் என்பது எங்கள் தொழிற்பேட்டையின் மந்திரம். வேண்டியது எது வேண்டாதது எது என்று பிரித்து, ரொம்ப நாள் தொடாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி வெளியே தள்ளுவது. எங்கள் கம்பெனியில் அதற்காக எனக்குப் பரிசாக டிபன் பாக்ஸ்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பனியில் வந்து மாட்டிக்கொண்ட கதாநாயகனின் பையிலும் இவள் ஆடிட் நடத்தியிருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப மொதல்லருந்து ஆடணுமா?"

"ஆமா. இன்னும் ரெண்டு மாசம் இழுக்கும்."

"இழுக்கட்டும்" என்றாள். சொன்ன வேகத்தைப் பார்த்து நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"என்ன?"

"நேத்து சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டன். பர்மனென்ட் பண்ணுங்க, இருக்கறன்னு."

"வீட்ல இருக்கேன்னு சொன்னியே?"

"வீட்ல இருந்துட்டு என்னா பண்றது?" ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மூணு வருசம் உங்க பக்கத்துல ஒக்காந்து படம் பாத்தன். தெலுங்குப் படத்துல அந்தம்மா ஏன் அழுவறாங்கன்னு சொல்ல வாயத் தொறந்தா ஸ்ஸ்னுவீங்க. வெளிய வந்தா வீடு வர்ற வரைக்கும் நீங்களே பேசுவீங்க. நீ என்னா நெனைக்கறன்னு நீங்க கேட்டது இந்த ரெண்டு மாசமாத்தான். இந்தக் கேம் முடிஞ்சிட்டா மறுபடி ரசம் இருக்குது, சோறு இருக்குதுன்னு ஆயிடுமேன்னு எனக்குத் தெனமும் பயமா இருந்துச்சு. அதான் மொதல்லருந்துன்னு சொன்னதும் சந்தோசமா இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் கண் நிறைந்திருந்தது. தப்புத்தான் என்று சொல்லலாம், இனிமேல் அப்படி இல்லை என்று சொல்லலாம். அதையும் சொன்னால் நானே பேசிக்கொண்டிருப்பதாக ஆகிவிடும் என்று தோன்றியது. என் பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். போங்கள் என்று கையைக் காட்டினேன்.

"என்னாங்க இது, ஆப்சென்ட் போட்டுடுவாங்க."

"போடட்டும். நீ சொல்லு."

"என்னா சொல்றது? கேம்தான் ஆத்தோட போச்சே."

"கேமை விடு. வேற சொல்லு."

சாப்பாட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள். பிறகு கல் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தாள். வேலையில் அவளுக்கு எதிரே உட்காரும் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பேரிகையில் அவள் அப்பா தக்காளியை விட்டுவிட்டு ரோஜா போடப் போவதையும், அது தோற்றுவிட்டால் என்ன ஆகுமோ என்று அவள் தூக்கம் கெட்டுக் கிடப்பதையும் சொன்னாள். டிரெயினியாகச் சேர்ந்த புதிதில் மூன்று நாள் பாத்ரூமில் போய் அழுததைச் சொன்னாள். அதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.