எதிர்வீட்டு வாசலில் ஆறு முனை நட்சத்திரம்

“அடுத்த வருஷம் போடுங்கம்மா” என்று ஒருவர் சொன்னால் அது அழைப்பா, அல்லது இந்த வருஷம் போட்டிருக்க வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வதா? ஒரு வருடமாக யோசிக்கிறேன். மறுபடியும் மார்கழி வரப்போகிறது.

சென்ற டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து என் மகளுக்கு விடுமுறை விட்டார்கள். யு.கே.ஜி.க்கு என்ன அரையாண்டுத் தேர்வு என்று கேட்காதீர்கள். பள்ளியில் நானும் கேட்கவில்லை. விடுமுறை விட்டதுமே அவளுக்கு நட்சத்திரம் வேண்டியிருந்தது. செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஓட்டல் வாசல்களில் நிறம் மாறி மாறி மின்னுமே, அந்த பிளாஸ்டிக் நட்சத்திரம். கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய பேட்டரி அகல் விளக்குகளே இன்னும் பீரோ மேல் கிடந்தன. இந்த விடுமுறையில் எதையும் கடையில் வாங்கிக் கொண்டாடுவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். இப்படிப்பட்ட முடிவுகளைக் குழந்தை வளர்ப்புக் கட்டுரைகள் படித்துவிட்டு எடுப்பேன். எடுத்தது சரிதானா என்று பார்க்க இன்னொரு கட்டுரை படிப்பேன்.

“நமக்கு வேணாம்னா எதிர்வீட்டுக்கு வாங்கிக் குடும்மா. அவங்கதான் கிறிஸ்டியன். அவங்க வீட்லயே ஸ்டார் இல்ல” என்றாள் மகள்.

உண்மைதான். அவர்கள் வேலூரிலிருந்து கலெக்டர் ஆபீஸுக்கு மாற்றலாகி, தீபாவளிக்குப் பிறகு வந்தவர்கள். கணவன், மனைவி, கணவனின் அப்பா. வேங்கிக்காலில் எங்கள் தெருவே புதியது, எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஆனால் கிறிஸ்தவக் குடும்பம் அது ஒன்றுதான். தெருவுக்குத் தயங்கித்தான் நட்சத்திரம் கட்டவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அதை விட முடியவில்லை. கணவரிடம் சொன்னேன். கேட்டுவிட வேண்டியதுதானே என்றார். கேட்டால் சங்கடப்படுவார்கள் என்றேன். அவர் மறுபடியும் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

கோலமாவு வீட்டில் இருந்தது. செலவில்லை, பிளாஸ்டிக் இல்லை, அவர்களை வரவேற்றது போலவும் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, விடியற்காலையில் என் வாசலை முடித்துவிட்டு எதிர்வாசலில் தண்ணீர் தெளித்து, ஊடுபுள்ளி வைத்து, பெரிய நட்சத்திரமாகப் போட்டேன். மஞ்சளும் சிவப்புமாகக் கலர் பொடி தூவினேன். நன்றாகவே வந்திருந்தது. அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பால் பாக்கெட் எடுக்க எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். கோலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அழகா இருக்குக்கா” என்றாள். பிறகு, “எங்க மாமியார் தவறி மூணு மாசம்தான் ஆவுது. அதான் இந்த வருஷம் ஸ்டார் கட்டல.”

சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் இருக்காது. மார்கழியில் ஒரு வாசல் வெறுமையாக இருந்தால் நாங்கள் யாரும் காரணம் கேட்க மாட்டோம், தெரிந்துகொள்வோம். இவர்கள் எப்போதுமே கோலம் போடாதவர்கள் என்பதால் எனக்கு அது தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அந்தச் செய்தி, நட்சத்திரம் தொங்காத கொக்கியில் இருந்திருக்கிறது. நான் துக்க வீட்டுக்குக் கலர் பொடி தூவி வைத்திருந்தேன்.

வாளியை எடுத்தேன்.

“விடுங்கக்கா. கழுவி விட்டா, என்னாச்சுனு மாமா கேப்பாரு.”

கோலம் அப்படியே இருந்தது. அன்று முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வெளியே வந்தார். கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து கடைக்குப் போனார். திரும்பும்போதும் அப்படியே. அது மரியாதையா, வருத்தமா, அல்லது அவர் வழக்கமாகவே சுவரோரம் நடப்பவரா? முந்தின நாட்களில் கவனிக்கத் தவறிவிட்டேன்.

வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகைக்குப் பலகாரம் சுட மாட்டார்கள், அக்கம்பக்கத்தில்தான் கொடுப்பார்கள். அவர்களிடமும் அந்த வழக்கம் உண்டா என்று இந்த முறை கேட்டுவிட்டேன். “உண்டுக்கா. வேலூர்னா சொந்தக்காரங்க எடுத்தாருவாங்க. இங்க யாரு இருக்காங்க” என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று முறுக்கும் அதிரசமும் சுட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். பெரியவர் ஒரு முறுக்கை ஒடித்துப் பாதியை அவளிடம் கொடுத்தார்.

“அது ஏம்மா ஆறு முனை? எங்க ஸ்டாருக்கு அஞ்சுதான்.”

புள்ளி வைத்துப் போட்டால் ஆறுதான் வரும் என்றேன்.

“அவ இருந்திருந்தா பாத்ததுமே சொல்லியிருப்பா” என்றார். டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டு, “அடுத்த வருஷம் போடுங்கம்மா” என்றார்.

இப்போது அந்த வருஷம் திரும்பிவிட்டது. கொக்கி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு எப்படிப் புள்ளி வைப்பது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, போடலாமா கூடாதா என்றும் சொல்லுங்கள். கேட்டுவிட வேண்டியதுதானே என்று என் கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். வேறு வழி ஏதாவது இருந்தால் நல்லது.