ஒடுக்கு விழுந்த கோளாம்பி

என் வீட்டு வராந்தாவில் ஓர் அலுமினியக் கோளாம்பி கவிழ்ந்து கிடக்கிறது. வெற்றிலை துப்புகிற பாத்திரம் அல்ல. பூ விரிந்ததுபோல வாய் அகன்ற ஒலிபெருக்கி. எங்கள் பக்கத்தில் அதற்கும் அதே பெயர்தான். இருபது வருடமாக அதன் வழியே நான் பேசியதையெல்லாம் யோசித்துப் பார்த்தால் பெயரில் தப்பொன்றும் இல்லை. அதன் வாயோரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கிய ஓர் ஒடுக்கு உண்டு. அது விழுந்த நாளிலிருந்து என் குரலோடு ஒரு தகரமும் சேர்ந்து பேசத் தொடங்கியது. அந்த ஒடுக்கை உண்டாக்கியவரை எல்லாரும் கீப்பர் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். மைக் பிடித்தவனுக்கு அது ஒரு நோய். பாறசாலைக்குத் தெற்கே, ஒரு காலைத் தமிழ்நாட்டிலும் மறுகாலைக் கேரளத்திலும் வைத்துக்கொண்டு பல் தேய்க்கலாம் என்கிற ஊர் எனக்கு. அப்பா மிஷன் கோயிலில் உபதேசியார். மகனும் பிரசங்கியாக வேண்டும் என்று ஜெபித்தார். கர்த்தர் பாதி கேட்டார். மைக்கைத் தந்தார், நற்செய்தியைத் தரவில்லை. நடுவில் கொஞ்சநாள் கால்பந்தும் விளையாடினேன். ஆடிய ஒரே போட்டியில் நான் அடித்த ஒரே கோல் எங்கள் வலையிலேயே போய் விழுந்தது. கிளப் செயலாளர் நல்ல மனுஷன், என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "மக்கா, உனக்கு வாயி ஓடுகது, காலு ஓடல. நீ போய் அந்த மைக்கைப் பிடி" என்றார். அன்று தொடங்கி அணிக்கு ஏழுபேர் ஆடும் எழுவர் ஆட்டம் நடக்கிற வயல்களில் எல்லாம் அறிவிப்பாளன் ஆனேன். எதையும் ஒருதடவை மலையாளத்தில், ஒருதடவை தமிழில். ஒரே பொய்யை இரண்டு மொழியில் சொன்னால் அது பாதி உண்மையாகிவிடும் என்பது என் அனுபவம்.

கீப்பர் பொழியூர்க்காரர். விடியற்காலையில் வள்ளத்தில் கடலுக்குப் போவார், சாயங்காலம் கோல் போஸ்டின் நடுவில் வந்து நிற்பார். கடற்கரைக்காரர்களின் அணிக்கு அவர்தான் பாதி பலம். தடித்த உருவம், சின்னத் தொந்தி, ஆனால் பந்து வரும்போது எங்கிருந்தோ ஒரு பூனை அவருக்குள் வந்துவிடும். அவர் பந்தை வைத்துக் கோல்கிக் எடுக்கப் பின்னால் நகரும்போது எதிரணி ரசிகர்கள் எல்லாரும் "ஓ..." என்று ஒரே குரலில் தொடங்குவார்கள். அவர் ஓடிவர ஓடிவர அந்த ஓசை ஏறிக்கொண்டே போகும். கால் பந்தில் பட்டதும் சட்டென்று நின்றுவிடும். அவரைத் தடுமாற வைப்பதற்கென்று தொடங்கியதுதான். நாளடைவில் அந்தக் கூவல் இல்லாமல் அவருக்குக் கால் எழும்பாது என்கிற நிலை வந்தது. கூவல் வலுவாக இல்லாவிட்டால் பாதியில் நின்று, இடுப்பில் கைவைத்து, கூட்டத்தைத் திரும்பிப் பார்ப்பார். "சாப்பிட்டிட்டு வரலியா எல்லாரும்?" என்று கேட்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரருக்கு மாலைபோட்ட படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைப்பது. கிழக்கே மலைப்பக்கத்து வெள்ளறடை ரசிகர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களின் தலைவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்; அதிகாலையிலேயே வேலை முடிந்துவிடுவதால் பகல் முழுவதும் யோசிக்க நேரம் உண்டு. வாசகம் எழுதுவது என் வேலை. கீப்பரை மட்டும் நான் ஆறேழு தடவை கொன்றிருக்கிறேன். ஒருதடவை வெள்ளறடை சந்திப்பில் முழங்கால் மடக்கி முட்டுகுத்தி நின்று, அப்பாவின் குரலில், அவருடைய ஆத்துமாவுக்காக மைக்கில் ஜெபமும் பண்ணினேன். அதைக் கீப்பரும் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "ஜெபம் கொள்ளாம், நல்லாத்தான் இருந்து, ஆனா ஆமென் கொஞ்சம் இழுத்துப் போட்டே" என்றார்.

ஒடுக்கு விழுந்தது ஒரு காலிறுதியில். "கீப்பர் அண்ணன் வலையைக் கட்டிட்டு நிக்காவ, பந்து வருமோ சாளை மீனு வருமோ தெரியல" என்று நான் மைக்கில் சொல்லி வாய் மூடவில்லை. கூவல் ஏறியது, அவர் ஓடிவந்தார், உதைத்தார். பந்து மைதானத்துக்குள் வரவே இல்லை. நேராக வந்து தென்னையில் கட்டியிருந்த என் கோளாம்பியின் முகத்தில் விழுந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆட்டம் கொஞ்சநேரம் நின்றது. முடிந்தபிறகு அவர் மெதுவாக வந்து ஒடுக்கைத் தடவிப் பார்த்தார்.

"சத்தம் குறஞ்சுதா?"

"இல்ல அண்ணே."

"அப்போ அடி சரியா விழல" என்று சொல்லிவிட்டுப் போனார். குறிவைத்து அடித்தாரா, தவறி வந்ததா என்று பிறகு பலதடவை கேட்டிருக்கிறேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாரே தவிர ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் இறந்ததும் ஓர் அரையிறுதி நாளில்தான். கடலிலிருந்து வந்து, வள்ளத்தை ஏற்றிவிட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்திருக்கிறார். கிளாஸ் கையிலிருந்து விழுந்ததைத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். நாற்பது ஆகியிருக்காது. அன்றே நான்கு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. ஐந்து மணிக்கு அவருடைய அணிக்கும் வெள்ளறடைக்கும் ஆட்டம்.

நான் போனபோது அவருடைய மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓர் ஆட்டத்துக்கும் வராதவர். எங்கள் முகமெல்லாம் அவருக்குத் தெரியாது. என் குரல் மட்டும் தெரிந்திருந்தது. "கிழக்கே நமக்கு ஆளுக உண்டுன்னு அவிய எப்பவும் சொல்லுவாவ. கூவுகதுக்குன்னே வருவாங்களாம். அவியளுக்கு இது தெரியுமா அண்ணே? அவங்க வந்து பார்க்காம பெட்டியை மூடப்பிடாது, கேட்டியளா" என்றார். நான்கு மணிக்குள் கூட்டிக்கொண்டு வாறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆட்டோவின் மேலே கோளாம்பியைக் கட்டிக்கொண்டு வெள்ளறடை சேரும்போது நண்பகல் தாண்டிவிட்டது. சந்திப்பில் முந்தின நாள் வைத்த ஃபிளெக்ஸ் நின்றிருந்தது. மாலைபோட்ட கீப்பர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நான் எழுதிய வரி: "உன் வலையின் ஓட்டை வழியே உயிர் போனதே!" அதன் அடியில் வண்டியை நிறுத்தி, கோயில் கமிட்டிக்காரர் எழுதித் தந்த மரண அறிவிப்பை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் இரண்டு மொழியிலும் வாசித்தேன். சாயாக்கடையிலிருந்து கைத்தட்டல் கேட்டது.

"எலே, ஃபைனல் வரைக்கும் பொறுக்கப்பிடாதா இவனுக்கு? செமிக்கே கொன்னாச்சு!"

"பெட்டிக்கு அளவு எடுத்தாச்சா? தொந்திக்குத் தனியா எடுக்கணுமாக்கும்!"

"மக்கா, சத்தியமாட்டு மரிச்சுப்போனாரு" என்றேன்.

"போன தடவையும் நீ சத்தியம் பண்ணினே. முட்டுகுத்தி ஜெபமும் பண்ணினே" என்றார் ரப்பர்க்காரர். அவருடைய கைப்பேசிக்கும் காலையிலேயே மரணச் செய்தியோடு படம் வந்திருந்தது. அதுவும் ஃபிளெக்ஸைப் போலவே மாலைபோட்ட படம். யார் நம்புவார்கள்? கண்ணீர்விட்டு அழுதுகாட்டலாம் என்று தோன்றியது. அதையும் ஏற்கெனவே செய்திருக்கிறேன், நல்ல வரவேற்பு கிடைத்திருந்தது.

மணி ஒன்று ஆகிக்கொண்டிருந்தது. ஒரு கோமாளியின் வாயில் மிச்சமிருக்கிற உண்மை எது என்று அன்றுதான் தேடிப்பார்த்தேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆளைக் கொன்றிருக்கிறேன், மழையை வரவழைத்திருக்கிறேன், நடுவருக்குக் கண் ஆபரேஷன் செய்திருக்கிறேன். ஆனால் ஆட்டம் இல்லை என்று ஒருநாளும் விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. சொன்னால் முதுகு மிஞ்சாது. மைக்கை மறுபடி எடுத்தேன். "இன்று மாலை ஐந்து மணிக்கு நடக்கவிருந்த அரையிறுதி ஆட்டம் இல்லை" என்றேன். ஒடுக்கின் தகரம் அதையும் கரகரவென்று சொன்னது. டோர்னமென்ட் கமிட்டி அப்படி ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. எனக்கு அதற்கு அதிகாரமும் கிடையாது.

சாயா ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. ரப்பர்க்காரர் எழுந்து ஆட்டோவின் அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"களி இல்லியா? ஆட்டமே இல்லியா?"

"இல்ல."

"அப்போ அவரு..." என்று தொடங்கியவர் ஃபிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து ரப்பர் கத்தியை எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார். மரணத்தை நம்பாதவர்கள் ஆட்டம் நின்றுபோனதை நம்பினார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

ஜீப்பிலும் ஆட்டோவிலும் பைக்கிலுமாக அவர்கள் பொழியூர் வந்துசேரும்போது நான்கு மணிக்குக் கொஞ்சநேரமே இருந்தது. சாயங்கால ஆட்டத்துக்கென்று போட்டிருந்த மஞ்சள் ஜெர்சியோடே பாதிப்பேர் வந்திருந்தார்கள். ஃபிளெக்ஸையும் தூக்கி வந்திருந்தார்கள். என் வரி மட்டும் கத்தியால் நேராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நான் எழுதியதிலேயே நன்றாகத் திருத்தப்பட்டது அதுதான். பெட்டியைச் சுற்றி ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அழத் தெரியாமல் நின்றார்கள். துக்க வீட்டில் என்ன சொல்லவேண்டும் என்று எங்களில் யாருக்கும் பழக்கம் இல்லை.

கல்லறைத் தோட்டத்தின் ஒருபக்கச் சுவரைக் கடல் ஏற்கெனவே எடுத்திருந்தது. பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் மெல்ல "ஓ..." என்றார். ரப்பர்க்காரரின் குரல்தான். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார், பிறகு மஞ்சள் ஜெர்சிகள் எல்லாம், பிறகு கரைக்காரர்களும். பாதிரியார் என்னைப் பார்த்தார், எந்தக் குற்றத்துக்கும் நான்தான் காரணம் என்பதுபோல. ஓசை ஏறிக்கொண்டே போயிற்று. காலில் பந்து பட்டால் நிற்கவேண்டிய கூவல் அது. இப்போது எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூச்சு முட்டிய முகங்களோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கூவினார்கள். கீப்பரின் மனைவி தலைநிமிர்ந்து அந்தக் கூட்டத்தை ஒருதடவை முழுதாகப் பார்த்தார். குனிந்து ஒரு கைமண்ணை எடுத்துப் போட்டார். மண் பெட்டியில் தொப்பென்று விழுந்தது. கூவல் சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு கடல் மட்டும் கேட்டது.

அதிகாரம் இல்லாமல் ஆட்டத்தை நிறுத்தியதற்காக அடுத்த வருடம் மைக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னைவிட நன்றாகவே பேசுகிறார். பெட்டி ஸ்பீக்கரில் குரல் தேன்போல வருகிறது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்களும் மறுபடி வரத் தொடங்கிவிட்டன. வாசகம் கேட்டு என்னிடம் வருகிறார்கள். எனக்குக் கை ஓடுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். கால் ஓடாததை ஏற்கெனவே அறிவார்கள்.

போன வாரம் பழைய சாமான் எடுக்கிறவர் வந்து கோளாம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒடுக்கைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "இவ்வளவு பெரிய அடி விழுந்திருக்கே அண்ணாச்சி, சத்தம் குறஞ்சிருக்குமே?" என்றார்.

"இல்ல" என்றேன். வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.