ஒரு கரண்டி கோழிக்கொழுப்பு

புரூக்ளினில் வெள்ளிக்கிழமை என்றால் ஹிண்டாவுக்கு இரண்டு வேலைநாள். விடியுமுன்னே ரொட்டிக்கடையில் நிற்கத் தொடங்கினால் மதியம்வரை கூட்டம். வீட்டுக்கு வந்தால் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கான சமையல். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.

அன்றும் வந்ததும் வெங்காயத்தை எண்ணெயில் சிவக்க வதக்கினாள். காளானைப் போட்டுத் தண்ணீர் சுண்டும்வரை கிளறினாள். அக்ரூட்டும் அவித்த முட்டையும் சேர்த்து அரைத்தாள். ஈரலே இல்லாமல் ஈரலின் ருசி. மறுநாள் விருந்தில் ரொட்டியோடு முதலில் வைப்பது இதைத்தான். பின்னால் வருவதெல்லாம் பாலாடைக்கட்டிப் பண்டங்கள். யூத வழக்கப்படி பால் இருக்கும் மேஜையில் கறி சேரக் கூடாது; இரண்டுக்கும் பாத்திரமே தனித்தனி.

மகள் பெய்லாவுக்கு நிச்சயம் செய்த வீட்டார் சாப்பிட வருகிறார்கள். சம்பந்தியம்மாள் ட்ரைனா சென்ற முறை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனாள். இந்த வீட்டுச் சமையல் விதிப்படி நடக்கிறது என்பதில் நம்பிக்கையில்லை என்று அர்த்தம். பெய்லா அழுதாள்.

ஹிண்டா குளித்துவிட்டு வந்தபோது கணவர் லெய்ப் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் அசல் ஈரல் மாதிரி இருக்கு."

"இப்பன்னா?"

"சப்புன்னு இருந்துச்சு. ஒரு கரண்டி கோழிக்கொழுப்பு போட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அது நாளைக்குங்க. பால் சாப்பாட்டுக்கு."

"ஐயோ, இன்னிக்கு ராத்திரி கறிச் சாப்பாட்டுக்குன்னுல்ல நெனச்சேன்! ஓடிப்போய் காளான் வாங்கிட்டு வரட்டா?"

"கடையெல்லாம் அடைச்சிருப்பான். விளக்கேத்துற நேரம் ஆச்சு."

விளக்கேற்றிவிட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும்; மறுநாள் இருட்டும்வரை அடுப்பும் இல்லை, போனும் இல்லை.

"காளான் அழுகிப்போச்சுன்னு சொல்லிடேன்."

பொய்யென்றால் யோசிக்க வேண்டும். யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. போனை எடுத்தாள்.

"சம்பந்தியம்மா, நாளைக்குக் காளான் துவையல் கிடையாது. இவர் அதுல கோழிக்கொழுப்பைப் போட்டுட்டார்."

ட்ரைனா விசாரித்தாள்.

"பாத்திரம்?"

"கறிப் பாத்திரத்தோட வெச்சாச்சு."

"கரண்டி?"

"அதுவும்."

"எங்க வீட்டுக்காரரா இருந்தா கலக்கிட்டு வாயே திறந்திருக்க மாட்டார்." ட்ரைனா பெருமூச்சு விட்டாள். "சரி, மத்ததெல்லாம் எடுத்து வையுங்க. பசியோடதான் வருவோம்."

ஹிண்டா போனை வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் லெய்ப்.

"சாப்பிடுவாங்களாம்."

"அப்ப இது?"

"நீங்களே தின்னு தீத்துடுங்க."

விளக்கேற்ற எழ வேண்டும். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள்.