தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ஆடுகளின் முதலாளி

சட்டமன்றத்துக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியும் அவரை யாரும் உறுப்பினர் என்று கூப்பிடுவதில்லை. நர்ஸக்காதான். இருபத்திரண்டு வருடம் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் ஊசி போட்ட கை. கட்டிலில் தொங்கும் அட்டை காய்ச்சல் இல்லை என்று சொன்னாலும், நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்காமல் நகரமாட்டார். பதவி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கிராமப்புற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அவர் ஏழு மாதம் அலைந்து சேர்க்கவைத்தது ஒரே ஒரு வரி. கதவு எண் இல்லாதவர்கள், வசிக்கும் இடத்துக்குச் சான்றாக எந்த அரசுத் துறையின் பதிவையும் காட்டலாம். மேசையைத் தட்டி வரவேற்றவர்கள்கூட அது யாருக்காக என்று கேட்கவில்லை.

அரசு மேய்ச்சல் நிலத்தில் கூடாரம் போட்டிருக்கும் முப்பத்தோரு குடும்பங்களுக்காக. பொது நிலத்தில் கதவு எண் கொடுத்தால் நாளைக்குப் பட்டா கேட்பார்கள் என்று நிலத்துறைக்குப் பயம். கதவு எண் இல்லாமல் காப்பீட்டு அட்டை கிடையாது என்றது காப்பீட்டு அலுவலகம். இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு பெண்ணின் இதய வால்வு சுருங்கிக்கொண்டிருந்தது. மேய்ப்பவர்களில் மூத்தவர் என்பதால் கிடைக்காரர் என்று எல்லோரும் அழைப்பவரின் மனைவி அவர். மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். இந்த வருடக் காப்பீட்டுப் பட்டியலோ வெள்ளிக்கிழமை மூடுகிறது. விட்டால் அடுத்த வருடம்தான்.

வரி சட்டத்தில் ஏறிவிட்டது. காட்டுவதற்குத்தான் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திங்கட்கிழமை நர்ஸக்கா ஏறாத அலுவலகப் படி இல்லை. பள்ளிப் பதிவில் பிள்ளைகள் எல்லாம் மாமன் வீட்டு விலாசத்தில் இருந்தார்கள். மின்வாரியத்துக்கு இவர்களைத் தெரியவே தெரியாது. சாயங்காலம் கூடாரத்துக்குப் போய், அந்த அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆடு வந்து கைப்பையை மோந்தது. அதன் காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் எண்.

"இது என்ன அண்ணே?"

"தடுப்பூசி போட்ட அடையாளம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆட்டு டாக்டர் வருவாரு," என்றார் கிடைக்காரர்.

"நோட்டுல எழுதுவாரா?"

"எழுதாம? எந்த நிலம், யாரு ஆடு, எல்லாம் எழுதிக்குவாரு."

"ஆட்டுக்கெல்லாம் விலாசம் இருக்கு, நமக்குத்தான் இல்ல," என்று படுத்தபடியே சிரித்தார் மனைவி. சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

செவ்வாய்க்கிழமை காலையில் கால்நடை மருத்துவரின் பதிவேட்டு நகல் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனது. மதியமே அதிகாரி போன் செய்தார்.

"மேடம், முப்பது குடும்பத்துக்கு இதுல பேரே இல்ல. ஒருத்தர் பேர்ல மட்டும் தொள்ளாயிரத்துப் பன்னெண்டு ஆடு. அவ்வளவு பெரிய பணக்காரருக்கு எப்படி அட்டை கொடுக்கறது? வருமான வரம்பு தாண்டிடுச்சே."

அந்தப் பணக்காரர் கிடைக்காரர்.

நர்ஸக்கா மறுபடியும் மேய்ச்சல் நிலத்துக்கு ஓடினார், மருத்துவரையும் இழுத்துக்கொண்டு. "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு எத்தனை ஆடு?"

"பத்தொம்பது."

"மீதி?"

கிடைக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரே ஆளிடம் நூறு ஆடு இல்லாவிட்டால் ஊசி போட ஜீப் வராதாம். அதனால் எல்லோருமாகப் பேசி, மூத்தவர் பேரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

"முப்பது வருஷமா ஒரு முதலாளிகூடக் குடும்பம் நடத்தியிருக்கேன்," என்றார் மனைவி. "ஒரு வார்த்தை சொல்லலியே மனுஷன்."

பிரித்து எழுதினால் ஜீப் நின்றுவிடுமே என்று கூடாரக்காரர்கள் முகம் சுருங்கினார்கள். நர்ஸக்காவுக்கு அந்த 'நூறு' உறுத்தியது. விதிப் புத்தகத்தையே கொண்டுவரச் சொல்லிப் படித்தார். 'ஒரே இடத்தில் நூறு ஆடுகள்' என்றுதான் இருந்தது. ஒரே ஆள் என்று யாரோ எப்போதோ வாய்வழியாகச் சொன்னதை மருத்துவர் உட்பட அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு," என்றார் மருத்துவர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி, எது யாருடைய ஆடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நர்ஸக்காவுக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. புதன்கிழமை மேய்ச்சல் முடிந்ததும் மொத்த மந்தையையும் ஒரே மூச்சாக விட்டார்கள். யாரும் விரட்டவில்லை. புழுதி அடங்கியபோது ஒவ்வொன்றும் தன் கூடாரத்து வாசலில் நின்றது. மருத்துவர் வாசல் வாசலாகப் போய் வில்லை எண்ணை எழுதினார். ஒரு குட்டி மட்டும் நர்ஸக்காவின் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"உங்க பேர்ல எழுதிடவா அக்கா?"

"வேணாம் டாக்டர். எனக்குக் கதவு எண் இருக்கு."

வியாழக்கிழமை நிலத்துறை அதிகாரி ஒரு கையெழுத்துக் கேட்டார். இந்தப் பதிவு சிகிச்சைக்கு மட்டுமே, நிலத்துக்கு உரிமை ஆகாது என்று. கிடைக்காரர் பேனாவைப் பிடித்தபடி நர்ஸக்கா பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்த நிலம் யாரோடது நர்ஸக்கா?"

"அரசாங்கத்தோடது. நீங்க அங்க இருக்கீங்கங்கறத மட்டும்தான் இன்னிக்கு ஒத்துக்கறாங்க."

"மிச்சம்?"

"அடுத்த கூட்டத்தொடர்ல கேப்பேன். கிடைக்கும்னு இப்பவே வாக்குக் கொடுக்க மாட்டேன் அண்ணே."

அவர் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முப்பத்தோரு குடும்பங்களும் பட்டியலில் ஏறின. அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்தார்கள். அட்டையோடு கூடாரத்துக்கு வந்த நர்ஸக்கா, புதிய பதிவேட்டின் நகலையும் நீட்டினார். கிடைக்காரர் தன் பெயருக்கு நேரே விரலை வைத்து இரண்டு தரம் எண்ணினார்.

"பதினெட்டுதான் இருக்கு. அந்தக் கருப்புக் கிடா எங்க?"

"பக்கத்துக் கூடாரத்துல போய் நின்னுச்சே அண்ணே. நானே பார்த்தேன்."

"அது என் ஆடு நர்ஸக்கா."

"அதுக்கு அப்படித் தோணலியே," என்றார் மனைவி. அட்டையை வாங்கி, ஆஸ்பத்திரிக்கு மடித்துவைத்திருந்த துணிகளுக்கு மேலே வைத்துப் பையின் வாயைக் கட்டினார். "விடுங்க முதலாளி, தொள்ளாயிரம் போனப்போ வாயத் திறக்கல. ஒரே ஒரு கிடாவுக்குப் போய் கணக்குக் கேக்கறீங்களே."