எங்கள் லயத்தில் நின்ற கோச்சி

எங்கள் லயத்து வாசலிலேயே ரயில் பாதை இருக்கிறது என்று சொன்னால், "அப்ப உங்களுக்குப் பயணம் லேசுதானே" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அது சாமான் கோச்சி, அதாவது சரக்கு ரயில், போகிற பாதை. கண்டி நகரத்தின் முதுகுப் பக்கமாக எண்ணெயும் மாவும் சீமெந்தும் அதில் சொகுசாகப் போய் வரும். மனுசருக்கு அதில் இடமில்லை. நாங்கள் மேடேறிப் பெரிய ரோட்டுக்குப் போய், நிற்காமல் ஓடுகிற பஸ்ஸுக்குக் கை நீட்ட வேண்டும்.

நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பாயில் கராம்பு காயும். அக்குறணைக் கடைக்காரர் வந்து வாங்கிப் போவார். வளைவுக்கு அந்தப் பக்கம் கோச்சி ஊதினால் போதும், முழு லயமும் எழும்பிவிடும். யாருடைய கராம்பு, யாருடைய பிள்ளை, யாருடைய ஈரத்துணி என்றெல்லாம் பார்ப்பதில்லை. கைக்கு எட்டியதை அள்ளிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்துவோம். பிறகு வரும் பாருங்கள், அந்தச் சத்தம்! சுவர் நடுங்கும், அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும். பிறந்ததிலிருந்து கேட்டவள் நான். இன்றைக்கும் அந்த நேரத்தில் என் உடம்பு சிலிர்த்துவிடும்.

இந்தப் பாதையில் பயணிகளையும் ஏற்றலாமா என்று திட்டம் போடுகிற அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய், யார் எங்கே போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று கேட்டு வருகிற வேலை. முதல் நாள் மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற அந்த இரண்டு இரும்புக் கம்பி, மலையைச் சுற்றி, பாலத்துக்குக் கீழே நுழைந்து, சந்தைக்குப் பின்னால் வளைந்து, பெரியாஸ்பத்திரி மதிலை உரசிக்கொண்டு போனது. அட கடவுளே! இத்தனை காலம் என் வாசலில் இதுவா கிடந்தது என்று வாயைப் பிளந்து நின்றேன்.

ஆஸ்பத்திரி மதிலைப் பார்த்ததும் தங்கச்சியின் நினைப்புதான் வந்தது. எங்கள் லயத்திலேயே குடியிருக்கிற அவள் அங்கே வார்டில் சிற்றூழியர். ஒரு நாள் அவள் ஒரு காலைப் படியில் வைத்து மற்றக் காலை எடுத்து வைப்பதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டான் ஒரு படுபாவி. விழுந்து முறிந்த கால் சரியாகக் கூடவில்லை. அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. ரயிலை ஓட்டிப் பார்க்க நாள் குறித்திருந்த மாதம் அவள் என்னிடம் வந்து, "முடியலக்கா. நொண்டுறவளப் பாத்தா பஸ்காரன் நிப்பாட்டவே மாட்டேங்குறான். ஒவ்வொரு நாளும் பிந்திப் போயி ஏச்சு வாங்குறேன். மாசக் கடைசியோட வேலைய விட்டுடப் போறேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

என் மேலதிகாரி சிங்களவர், குரலை உயர்த்தாத மனிதர். எங்கள் லயத்தில் ஒரு தரிப்பிடம் வேண்டும் என்று அவரிடம் சண்டை பிடிக்காத குறையாகக் கேட்டேன். "ஒற்றைப் பாதை இது. ஓரிடத்தில் வீணாக நின்றால் எல்லா இடத்திலும் பிந்தும். பரீட்சார்த்த ஓட்டத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்போம். ஏற ஆளில்லையென்றால் அந்தத் தரிப்பிடத்தை வெட்டிவிடுவோம்" என்றார். "ஆளில்லையா? எங்கட சனத்த எனக்குத் தெரியாதா சேர்? பெட்டி நெறஞ்சி வழியும்" என்று சிங்களத்திலேயே பெருமையடித்துவிட்டு வந்தேன்.

அந்த நாள் வந்தது. நான் மேலதிகாரியோடு நகரத்திலிருந்தே ஏறிவிட்டேன். ஒற்றைப் பெட்டி ரயில்தான். சாரதிக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வளைவு திரும்பியதும் எங்கள் லயம் தெரிந்தது. தேருக்கு நிற்பதுபோல் முழுச் சனமும் நல்ல சேலை கட்டிப் பூ வைத்து நின்றது. முன்னால் வேலைக்குப் போகிற உடுப்பில் தங்கச்சி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாரதி ஊதினார்.

அவ்வளவுதான். அத்தனை பேரும் பாய்ந்தார்கள்! பிள்ளைகளை அள்ளினார்கள், பாயைச் சுருட்டினார்கள், கொடியில் கிடந்த துணியை உருவினார்கள். தங்கச்சியை இரண்டு பேர் அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டப் டப்பென்று கதவுகளைச் சாத்தினார்கள். ரயில் நின்று கதவு திறந்தபோது அங்கே ஒரு கோழிகூட இல்லை.

"ஏய்! வெளிய வாங்க! இது நிக்கிற கோச்சி!" என்று மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினேன். சாத்திய கதவுக்குப் பின்னால் யாருக்குக் கேட்கப் போகிறது? நிமிடம் முடிந்து ரயில் நகர்ந்தது. மேலதிகாரி மெதுவாக, "இங்கே யாருக்கும் தேவையில்லை போலிருக்கிறதே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் தங்கச்சிக்குப் போன் எடுத்து, "எருமைகளா, ஏன்டி ஓடுனீங்க?" என்று கத்தினேன். "நான் எங்கக்கா ஓடுனேன்? கோச்சி வருது, கோச்சி வருதுன்னு என்னையத் தூக்கிட்டு ஓடிட்டாங்க! இப்ப எல்லாரும் வெளிய வந்து தலையில அடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள். கோபத்தின் நடுவிலேயே எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். என்ன விஷயம் என்று மேலதிகாரி கேட்டார். "சேர், அவங்க வேண்டாம்னு போகல. இந்தச் சத்தம் கேட்டா ஒதுங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். இந்தப் பாதையில எங்களுக்காக ஒண்ணும் நின்னதே இல்ல" என்றேன்.

"நீங்கள் அங்கே இருந்திருந்தால்?"

"நானுந்தான் ஓடியிருப்பேன், சேர்."

அவர் எழுந்து போய், திரும்பி வரும்போதும் அங்கே நிறுத்தும்படி சாரதியிடம் சொன்னார். நான் உடனே தங்கச்சிக்குப் போனில், "இந்த முறை ஆராச்சும் ஓடுனா காலை ஒடிப்பேன்னு சொல்லு" என்றேன்.

திரும்பி வந்தபோது மறுபடியும் எல்லாரும் வெளியே நின்றார்கள். ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்திருந்தார்கள். சாரதி ஊதியதும் அந்த வரிசை முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு காலும் நகரவில்லை. அம்மாடி, எத்தனை திருவிழா பார்த்திருக்கிறேன், அப்படியொரு காட்சியை நான் கண்டதில்லை. ரயில் வேகம் குறைந்து, குறைந்து, அவர்கள் முன்னால் நின்றே விட்டது. சுவர் நடுங்கவில்லை. கத்துகிற பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தன. ஒரு பெண் கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதலில் தங்கச்சியைத்தான் விட்டார்கள். மேடையில்லாததால் படி அவளுக்கு எட்டவில்லை. கீழேயிருந்து நாலு பேர் தாங்க, மேலேயிருந்து என் மேலதிகாரி குனிந்து கை கொடுத்தார். ஒரு நிமிடம் எப்போதோ கடந்திருக்கும். சாரதி திரும்பிப் பார்த்தபடி காத்திருந்தார், ஊதவில்லை. அவளுக்குப் பின்னால் ஏறிய சனத்தில் எனக்கு நிற்கக்கூட இடமில்லை.

ஆஸ்பத்திரி மதிலோரமாக இறங்கும்போது அவள், "நாளைக்கும் வருமா, சேர்?" என்று அவரிடமே கேட்டாள். அவரும் அவளைச் சிங்களத்தில் தங்கச்சி என்றே கூப்பிட்டார்; பொய் சொல்லவில்லை. "தரிப்பிடத்தை இனி வெட்டமாட்டேன், நங்கி. ஆனால் இது வெறும் பரீட்சை. உண்மையான ரயில் வர இன்னும் எவ்வளவு காலமாகுமோ தெரியாது" என்றார்.

மாதக் கடைசிக்கு அப்போது அதிக நாள் இருக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, என் கையிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆகட்டும், சேர்" என்றாள் என் தங்கச்சி. "எனக்காகவும் நிக்கும்னு இன்னைக்குப் பாத்துட்டேன். அதுவரைக்கும் பஸ்ஸுல தொங்கிக்கிட்டாவது வேலைக்குப் போறேன்."